அத்தியாயம் 6: ரயிலை ஓட்டும் முறையும் பலகைக்கு அடியில் ஒயரிங்கும்

பலகை தயார். தண்டவாளம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அதன்மேல் பென்சிலால் கோடும் போட்டாயிற்று. முதல் தண்டவாளத்தைப் பொருத்துவதற்கு முன் இரண்டு முடிவுகள் பாக்கி. ரயிலை எந்த முறையில் ஓட்டப் போகிறீர்கள்? அதற்கான மின்சாரம் தண்டவாளத்துக்கு எப்படி வந்து சேரப் போகிறது?

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் கூடினால் முதல் கேள்வியைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் இரண்டாவதற்கே அதிக எடை கொடுப்பேன். கன்ட்ரோலர் என்பது மேசைமேல் இருக்கும் பொருள். பிடிக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கழற்றிவிட்டு வேறொன்றை வைக்கலாம். தண்டவாளத்துக்குப் போகும் ஒயர் அப்படியல்ல. ஜல்லியைப் பசைபோட்டு ஒட்டி, அதன்மேல் மலையும் ஊரும் எழுப்பிய பிறகு அதை மாற்றுவதென்றால் பாதி லேஅவுட்டைப் பிரிக்க வேண்டும். அதனால் கன்ட்ரோலை இன்றைய தேவைக்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் ஏற்பத் தேர்ந்தெடுங்கள். ஒயரிங்கை நாளை வரக்கூடிய தேவைக்கும் ஏற்றபடி செய்யுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் இதற்கான விளக்கம்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு லேஅவுட்

பேசுவதற்கு வசதியாக 8க்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எச்ஓ அளவு, அதாவது 1:87. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. பலகையைச் சுற்றி வரும் ஒற்றை மெயின் லைன். முன்பக்கத்தில் ஒரு ஸ்டேஷன், அங்கே மெயினை ஒட்டி ஒரு லூப் லைன். லூப்பிலிருந்து பிரியும் கூட்ஸ் யார்டில் மூன்று சைடிங், ஷண்டிங் செய்ய ஒரு சிறு நெக். லூப்பின் இரு முனைகளிலும் இரண்டு, யார்டில் நான்கு என்று மொத்தம் ஆறு பாயிண்ட்.

இந்த லேஅவுட்டில் என்ன நடப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே ஒரு வண்டி நிதானமாகச் சுற்றிவந்தால் போதும் என்பது ஒரு வகை. பாசஞ்சர் வண்டி லூப்பில் கிராசிங்குக்காகக் காத்திருக்க, எக்ஸ்பிரஸ் மெயினில் தடதடத்துப் போக வேண்டும் என்பது இரண்டாம் வகை. இவை நடக்கும்போதே இன்னொருவர் யார்டில் உட்கார்ந்து வேகன்களைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது மூன்றாம் வகை. எத்தனை வண்டி ஒரே நேரத்தில் நகரும், எத்தனை பேர் ஓட்டுவார்கள் என்ற இரண்டு எண்களும் தெளிவானால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

டிசி முறை: தண்டவாளத்தைப் பிரித்து ஓட்டுவது

டிசி முறையில் கன்ட்ரோலர் 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்சாரத்தைத் தண்டவாளத்துக்குக் கொடுக்கிறது. வோல்டேஜ் கூடினால் வேகம் கூடும். என்ஜினுக்குள் உட்கார்ந்து முன்னோக்கிப் பார்ப்பதாகக் கணக்கிட்டால், வலப்பக்கத் தண்டவாளம் பாசிட்டிவாக இருக்கும்போது என்ஜின் முன்னோக்கிப் போகும். பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் பின்னோக்கிப் போகும். என்ஜினுக்குள் மோட்டாரும் பல்சக்கரமும் தவிர வேறெதுவும் தேவையில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய என்ஜினும் இதில் ஓடும்.

ஆனால் ஒரே தண்டவாளத்தில் நிற்கும் எல்லா என்ஜின்களும் ஒன்றாகக் கிளம்பும். இரண்டு வண்டிகளைத் தனித்தனியாக ஓட்ட வேண்டுமானால் பாதையைப் பல செக்ஷன்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும். நம் லேஅவுட்டில் பின்பக்க மெயின் லைன் இரண்டு செக்ஷன் (1, 2), ஸ்டேஷன் மெயின் 3, லூப் 4, யார்டு நெக் 5. சைடிங் மூன்றுக்கும் ஆளுக்கொரு ஆன்-ஆஃப் ஸ்விட்ச். ஐந்து செக்ஷன்களுக்கும் நடுவில் ஆஃப் நிலை உள்ள டிபிடிடி டாகிள் ஸ்விட்ச். மேலே தள்ளினால் ஏ கன்ட்ரோலர், கீழே தள்ளினால் பி கன்ட்ரோலர், நடுவில் விட்டால் மின்சாரம் இல்லை.

கிராசிங் எப்படி நடக்கும் என்று பாருங்கள். பாசஞ்சர் லூப்புக்குள் வந்து நின்றதும் 4ஐ நடுவுக்குக் கொண்டுவருகிறீர்கள். 1, 2, 3 மூன்றையும் பி பக்கம் தள்ளினால் எக்ஸ்பிரஸ் எதிர்த்திசையில் வந்து ஸ்டேஷனைத் தாண்டிப் போகும். அது ஒரு சுற்று முடித்து மெயினில் வந்து நின்ற பிறகு 3ஐ ஆஃப் செய்து, 1, 2, 4 மூன்றையும் ஏ பக்கம் தள்ளி, லூப்பின் பாயிண்டைத் திருப்பினால்தான் பாசஞ்சர் கிளம்பும். ஒரு ஸ்விட்சை மறந்தாலும் செக்ஷன் எல்லையில் வண்டி நின்றுவிடும். இரண்டு கன்ட்ரோலரும் எதிரெதிர் திசையில் வைக்கப்பட்டிருந்தால் எல்லையைக் கடக்கும் சக்கரமே இரண்டையும் இணைத்து ஷார்ட் சர்க்யூட் ஆக்கிவிடும்.

இந்த வேலையையே விரும்பிச் செய்பவர்கள் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டருக்குரிய கவனம் அதற்குத் தேவை, அதில் ஒரு நிறைவும் இருக்கிறது. ஒருவர் மட்டும், ஒன்றிரண்டு வண்டிகள் மட்டும் என்றால் டிசி முழுமையான, நம்பகமான முறை. அதைத் தொடக்கநிலை முறை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

டிசிசி முறை: என்ஜினுக்கு நேராகக் கட்டளை

டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல் முறைக்கு அடித்தளம் போட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் லென்ஸ். 1980களின் இறுதியில் அவருடைய நிறுவனம் உருவாக்கிய முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ எடுத்துக்கொண்டு, 1990களில் யாரும் பின்பற்றக்கூடிய பொதுத் தரமாக்கியது. எந்த நிறுவனத்தின் டிசிசி என்ஜினும் இன்னொரு நிறுவனத்தின் டிசிசி லேஅவுட்டில் ஓடுவதற்கு அதுவே காரணம்.

இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எச்ஓ அளவுக்குச் சுமார் 14 முதல் 16 வோல்ட். அந்த மின்சாரம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையிலான நேரத்தில்தான் செய்தி இருக்கிறது. அரைச்சுற்று 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது 0. இப்படிக் கோக்கப்பட்ட செய்தியில் என்ஜினின் முகவரி எண்ணும் கட்டளையும், செய்தி பிசகில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்ணும் அடங்கும். என்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரையும் விளக்கையும் ஒலியையும் இயக்கும்.

புதிதாக வாங்கும் டீகோடரின் முகவரி பெரும்பாலும் 3. இதை 1 முதல் 127 வரையிலான சிறிய எண்ணாகவோ, நான்கு இலக்க எண்ணாகவோ மாற்றலாம். இந்திய ரயில் என்ஜின்களின் எண் ஐந்து இலக்கம் என்பதால், பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை முகவரியாக வைத்துக்கொள்வது வசதி. என்ஜினைப் பார்த்ததுமே எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று தெரியும்.

நம் கிராசிங் இங்கே எளிதாகிவிடுகிறது. பாசஞ்சர் லூப்பில் நிற்கும், அதன் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். எக்ஸ்பிரஸ் தாண்டும். யார்டில் இருப்பவர் தன் வேலையைத் தொடர்வார். பாயிண்டைத் தவிர வேறெந்த ஸ்விட்சையும் தொட வேண்டியதில்லை. இரண்டு என்ஜின்களைக் கோத்து டபுள் ஹெடராக ஓட்டலாம். மேட்டில் பின்னாலிருந்து தள்ள ஒரு பேங்கர் என்ஜினைக் கொண்டுவரலாம். வேகம் மெல்லக் கூடுவதையும் குறைவதையும் ஒவ்வொரு என்ஜினுக்கும் தனியாக அமைக்கலாம். சிவி எனப்படும் அமைப்பு எண்களில் 3 வேகமெடுப்பதற்கு, 4 நிற்பதற்கு. கனமான கூட்ஸ் வண்டிக்கு இவ்விரண்டையும் கூட்டிவைத்தால், நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே குமிழைத் திருப்ப வேண்டியிருக்கும். உண்மையான டிரைவரின் கணக்கு அப்போதுதான் உங்கள் கைக்கு வரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

செலவு எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் முடிவு எளிதாகும். டிசியில் வண்டிகளும் செக்ஷன்களும் பெருகப் பெருக ஸ்விட்சும் ஒயரும் பெருகும். டிசிசியில் ஒயர் ஏறக்குறைய அதே அளவுதான். என்ஜின்கள் பெருகப் பெருக டீகோடர் செலவு ஏறும். பெரிய லேஅவுட்டும் குறைந்த என்ஜின்களும் வைத்திருப்பவருக்கு டிசிசி கட்டுப்படியாகும். சிறிய லேஅவுட்டும் அலமாரி நிறையப் பழைய என்ஜின்களும் வைத்திருப்பவருக்கு டிசி.

ஒரு நேரத்தில் ஒரு வண்டி, ஓட்டுபவரும் ஒருவர் என்றால் நல்ல தரமான டிசி கன்ட்ரோலர் வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தைத் தண்டவாளத்துக்கும் பாயிண்டுக்கும் செலவிடுங்கள்.

இரண்டு பேர், இரண்டு மூன்று வண்டிகள், கூடவே ஷண்டிங் என்றால் தொடக்கத்திலேயே டிசிசிக்குப் போங்கள். ஸ்விட்ச் பேனல் செய்யும் செலவும் உழைப்பும் மிச்சம்.

பழைய என்ஜின்கள் நிறைய இருந்தால் ஒன்றைத் திறந்து பாருங்கள். டீகோடர் பொருத்துவதற்கான 8 பின் அல்லது 21 பின் சாக்கெட் இருந்தால் மாற்றுவது சில நிமிட வேலை. இல்லாவிட்டால் மோட்டாரின் இரண்டு பிரஷ்களும் என்ஜினின் உலோக உடலிலிருந்து முழுவதுமாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பிரஷ் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் டீகோடர் முதல் நொடியில் கருகும். எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. அடிக்கடி ஓடுபவற்றை மட்டும் மாற்றுங்கள்.

மெர்க்லின் நிறுவனத்தின் மூன்று தண்டவாள முறையில் ஏற்கெனவே இருப்பவர்கள் அதிலேயே தொடர்வது நல்லது. அதன் மின்சார ஏற்பாடும் டிஜிட்டல் முறையும் தனி வழியில் வளர்ந்தவை. இரண்டு தண்டவாளப் பொருட்களை அதில் கலக்கப் பார்த்தால் சக்கரம் முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

ஓர் எச்சரிக்கை. டிசி கன்ட்ரோலரையும் டிசிசியையும் ஒரே தண்டவாளத்தில் ஒரே நேரத்தில் இணைக்கவே கூடாது. ஒரு பாதி டிசி, மறுபாதி டிசிசி என்று பிரித்து வைப்பதும் ஆபத்து. இடைவெளியைக் கடக்கும் என்ஜினின் சக்கரங்கள் இரண்டையும் இணைத்து ஏதாவது ஒன்றைக் கெடுத்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே ஒரு டிபிடிடி ஸ்விட்ச் வழியாக லேஅவுட் முழுவதையும் ஒன்றாக மாற்றுங்கள். டிசிசி தண்டவாளத்தில் டீகோடர் இல்லாத என்ஜினை நிறுத்தியும் வைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே மோட்டார் ரீங்கரித்துச் சூடேறும்.

டிசிசி வாங்கும்போது

பொதுத் தரம் தண்டவாளத்துக்கும் டீகோடருக்கும் உரியது. கையில் பிடிக்கும் த்ராட்டிலுக்கு அது பொருந்தாது. லென்ஸும் ரோகோவும் எக்ஸ்பிரஸ்நெட் வழியில் த்ராட்டிலை இணைக்கின்றன. டிஜிட்ராக்ஸுக்கு லோகோநெட், என்சிஇக்கு அதன் சொந்த கேப் பஸ். ஒன்றின் த்ராட்டில் மற்றொன்றில் வேலை செய்யாது. டீகோடரை எந்த நிறுவனத்திடமும் வாங்கலாம். கட்டளைகளைத் தண்டவாளத்துக்கு அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனை வாங்கும்போதுதான் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். நம் ஊரில் இவற்றை விற்கும் கடைகளும் பழுதுபார்ப்பவர்களும் குறைவு. ஆகவே உங்கள் நண்பர்கள் எந்தக் குடும்பத்தில் இருக்கிறார்களோ அதையே வாங்குவதில் பெரிய நன்மை இருக்கிறது. த்ராட்டிலை இரவல் கொடுத்து வாங்கலாம், சந்தேகம் வந்தால் கேட்க ஆளும் இருக்கும்.

எத்தனை ஆம்பியர் வேண்டும்? இன்றைய எச்ஓ என்ஜின் ஓடும்போது பெரும்பாலும் அரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும். ஒலி, விளக்கு, பெட்டிகளின் உள்விளக்கு ஆகியவற்றைச் சேர்த்தாலும் நம் 8க்கு 4 லேஅவுட்டுக்கு 2 முதல் 3 ஆம்பியர் தாராளம். தேவைக்கு மீறி வாங்கினால் ஷார்ட் ஆகும் நேரத்தில் அந்த அதிகப்படி ஆம்பியர் முழுவதும் பாதிப்பாக மாறும்.

சொந்தமாகச் செய்து பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு டிசிசி-இஎக்ஸ் என்ற திறமூலத் திட்டம் இருக்கிறது. ஆர்டுயினோ மெகா பலகை, அதன்மேல் மோட்டார் ஷீல்டு, ஒரு பவர் சப்ளை ஆகியவற்றைக் கொண்டே கமாண்ட் ஸ்டேஷன் செய்துவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கக்கூடிய பொருட்கள்தான். சாதாரண மோட்டார் ஷீல்டில் சுமார் 1.5 ஆம்பியருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஷீல்டுக்குத் தரும் மின்சாரம் ஆர்டுயினோவுக்குப் போகாமலிருக்க, ஷீல்டின் அடியில் உள்ள ‘வின் கனெக்ட்’ இணைப்பை வெட்டிவிடுவது கட்டாயம். ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டால் சிவி எண்களைத் திரையில் பார்த்தே மாற்றலாம், கைப்பேசியையே த்ராட்டிலாகவும் பயன்படுத்தலாம்.

பஸ் ஒயரும் ஃபீடரும்

இனி பலகைக்கு அடியில் போவோம். தண்டவாளம் நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவை. துரு பிடிக்காது, ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பைவிட மிகவும் பின்தங்கியது. அதன் மின்தடை செம்பைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேல். இதோடு தண்டவாளங்களை இணைக்கும் ஜாயினர் காலப்போக்கில் தளரும், அதற்குள் பெயின்டும் பசையும் புகும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். ஜாயினரின் வேலை தண்டவாளங்களை நேராகப் பிடித்து வைப்பது. மின்சாரம் கடத்தும் பொறுப்பை அதனிடம் விடாதீர்கள்.

பலகைக்கு அடியில் தண்டவாளத்தின் பாதையைத் தொடர்ந்து இரண்டு தடித்த செம்பு ஒயர்கள் ஓடட்டும். அதுதான் பஸ். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய ஒயர் ஏறும். அதுதான் ஃபீடர். பெக்கோவின் ஃபிளெக்ஸ் தண்டவாளம் 914 மி.மீ. நீளம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஜோடி ஃபீடர் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயரின் தடிமனை ஊகத்துக்கு விடாமல் கணக்கிடலாம். நம் பலகையின் சுற்றளவு சுமார் 7.3 மீட்டர். கமாண்ட் ஸ்டேஷனை முன்பக்கத்தின் நடுவில் வைத்து பஸ்ஸை இருபுறமும் இழுத்தால் ஒவ்வொரு கையும் சுமார் 3.6 மீட்டர், போக வர 7.2 மீட்டர். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் கடைசி முனையில் இழப்பு சுமார் 0.26 வோல்ட், கவலையில்லை. அதே இடத்தில் 0.5 சதுர மி.மீ. ஒயரைப் போட்டால் இழப்பு 0.84 வோல்ட். என்ஜின் பின்பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்சம் சோர்வடையும். எனவே பஸ்ஸுக்கு 1.5, ஃபீடருக்கு 0.5. ஃபீடரின் நீளம் ஒரு அடிக்குள் இருக்கட்டும். பஸ்ஸின் இரண்டு முனைகளும் பின்பக்கம் சந்திக்கும் இடத்தில் அவற்றை இணைத்து வளையமாக்காமல் இடைவெளி விட்டுவிடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன நாளைய தேவை இங்கேதான் வருகிறது. நீங்கள் டிசிசிதான் என்று முடிவு செய்திருந்தாலும் மேலே சொன்ன ஐந்து செக்ஷன்களாகத் தண்டவாளத்தை வெட்டி பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள். ஒவ்வொரு செக்ஷனின் ஃபீடர்களையும் தனித்தனி ஜோடியாகப் பலகையின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ டெர்மினல் ஸ்ட்ரிப்புக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஜோடி பலகையின் குறுக்கே வர வேண்டியிருந்தால் அதுவும் 1.5 ஒயராகவே இருக்கட்டும். இன்று எல்லா ஜோடிகளையும் ஸ்ட்ரிப்பில் ஒன்றாக இணைத்தால் டிசிசி. அந்த இணைப்புத் துண்டுகளை எடுத்துவிட்டு டாகிள் ஸ்விட்சுகளை வைத்தால் டிசி. நாளை எந்த செக்ஷனில் வண்டி நிற்கிறது என்று கண்டறியும் கருவி பொருத்த நினைத்தால் அதற்கும் இதுவே இடம். எங்காவது ஷார்ட் ஆனால் ஒவ்வொரு ஜோடியாகக் கழற்றிப் பார்த்து, குற்றவாளி செக்ஷனைச் சில நிமிடங்களில் பிடித்துவிடலாம்.

நிறத்தில் ஒழுங்கு முக்கியம். பலகையின் வெளிப்பக்கத் தண்டவாளத்துக்கு எங்கும் சிவப்பு, உட்பக்கத் தண்டவாளத்துக்கு எங்கும் கறுப்பு. பாயிண்ட் மோட்டாருக்கும் விளக்குக்கும் மஞ்சள், நீலம் என்று தனி 12 வோல்ட் பஸ். பாயிண்டுக்கான மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காதீர்கள். தவறாகத் திரும்பிய பாயிண்டில் வண்டி ஏறி ஷார்ட் ஆனால் தண்டவாளத்தில் மின்சாரம் போய்விடும். அந்தப் பாயிண்டைத் திருப்பிச் சரிசெய்யவும் மின்சாரம் இருக்காது.

ஃபீடரை ஈயம் வைத்துப் பிடிப்பது

தண்டவாளத்தின் வெளிமுகத்தில்தான் ஃபீடர் சேர வேண்டும். உள்முகத்தில் சக்கரத்தின் விளிம்பு ஓடும். தண்டவாளத்தை ஒட்டி 2 மி.மீ. துளை போட்டு ஒயரைக் கீழிருந்து மேலே இழுங்கள். முனையை 4 மி.மீ. அளவு உரித்து முறுக்கி, ஈயம் பூசி, எல் வடிவில் மடியுங்கள். தண்டவாளத்தில் அந்த இடத்தைச் சிறு அரத்தால் பளபளக்கும்வரை தேய்த்து ரோஸின் ஃப்ளக்ஸ் தடவி, அங்கேயும் மெல்லிய படலமாக ஈயம் பூசுங்கள். இருபக்கமும் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகாது. பிறகு மடித்த முனையைத் தண்டவாளத்தோடு சேர்த்துப் பிடித்து, நன்றாகச் சூடேறிய 40 முதல் 60 வாட் அயர்னை இரண்டு நொடி வையுங்கள். இரு பூச்சுகளும் ஒன்றாக உருகிப் பளிச்சென்று பரவும். அயர்னை எடுத்தபின் ஈயம் உறையும்வரை ஒயரை அசைக்கக் கூடாது. குறைந்த வாட் அயர்னை நெடுநேரம் வைத்திருந்தால்தான் ஸ்லீப்பர் உருகும். பைப்புக்கும் தகரத்துக்கும் விற்கும் அமில ஃப்ளக்ஸ் இங்கே கூடாது. ஒயரை உள்ளிருந்தே அரித்துவிடும்.

ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து இரண்டு தண்டவாளங்களையும் தொடுங்கள். சத்தம் வரக் கூடாது. வந்தால், கடைசியாகச் செய்த இணைப்பில்தான் தவறு. எல்லாவற்றையும் இணைத்துவிட்டுக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் தேட வேண்டிய இடங்கள் முப்பது ஆகிவிடும்.

நாணயச் சோதனை

டிசிசியில் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். மின்சாரத்தை இயக்கி, என்ஜின்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் இரண்டு தண்டவாளங்களையும் இணையுங்கள். கமாண்ட் ஸ்டேஷன் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். நாணயத்தை எடுத்ததும் மின்சாரம் திரும்ப வர வேண்டும். சில கருவிகளில் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். லேஅவுட் முழுவதும், ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலும், சைடிங்கின் கடைசி முனையிலும் இதைச் செய்யுங்கள்.

காரணம் இதுதான். தண்டவாளத்துக்கு 15 வோல்ட், 5 ஆம்பியர் தரும் ஒரு பூஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரும் ஜாயினரும் சேர்ந்து 3 ஓம் மின்தடை இருந்தால், ஷார்ட் ஆனாலும் 5 ஆம்பியரைத் தாண்டாது. பூஸ்டருக்கு அது வழக்கமான ஓட்டமாகவே தெரியும், துண்டிக்காது. அந்த வழி முழுவதும் சேர்ந்து 75 வாட் வெப்பம் வெளிப்படும். ஈயத்தை உருக்க 25 வாட் அயர்ன் போதும் என்பதை நினைத்துப் பாருங்கள். தடம் புரண்ட வண்டியின் சக்கரமும் உள்ளே ஓடும் மெல்லிய ஒயரும் ஸ்லீப்பரும் அந்தச் சூட்டை வாங்கும். துண்டிக்கத் தயங்கும் இடத்தில் இன்னொரு ஜோடி ஃபீடர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாயிண்டும் திரும்பு வளையமும்

பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்குப் பகுதியை ஃபிராக் என்பார்கள். பிளாஸ்டிக் ஃபிராக் எளிது, ஆனால் அதன்மேல் மின்சாரம் இல்லை. நான்கு சக்கர ஷண்டிங் என்ஜின் மெதுவாகப் போகும்போது அங்கே நின்றுவிடும். யார்டு வேலை உங்களுக்குப் பிடிக்குமென்றால் உலோக ஃபிராக் உள்ள பாயிண்டே வாங்குங்கள். பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப ஃபிராக்கின் மின்சாரமும் மாற வேண்டும். அதற்கான தொடுப்பு ஸ்விட்ச் மெதுவாக இயங்கும் டார்ட்டாய்ஸ் மோட்டாரிலேயே இரண்டு ஜோடி இருக்கிறது. அந்த மோட்டார் திருப்பி முடித்த பிறகும் மின்சாரத்திலேயே நிற்கும், இழுப்பது சுமார் 15 மில்லி ஆம்பியர்தான். மாறாக, சாலனாய்டு மோட்டாருக்கு ஒரு நொடிக்கும் குறைவான தட்டல் போதும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் சுருள் கருகும் என்பதால் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்றை இடையில் வையுங்கள்.

வண்டி சுற்றிப் போய் தான் வந்த லைனிலேயே எதிர்முகமாகச் சேரும் வளையமும், என்ஜினைத் திருப்பும் முக்கோணமும் இரண்டு தண்டவாள முறையில் கட்டாயம் ஷார்ட் ஆகும். வலத் தண்டவாளம் சுற்றிவந்து இடத் தண்டவாளத்தைத் தொடுவதே காரணம். வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, அந்தப் பகுதியைத் தனியாக்குங்கள். அதன் நீளம் உங்கள் மிக நீண்ட வண்டியைவிட அதிகமாக இருக்க வேண்டும். டிசியில் அதற்கு ஒரு டிபிடிடி ஸ்விட்ச். டிசிசியில் ஆட்டோ ரிவர்சர் என்ற சிறு கருவி ஷார்ட்டை உணர்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றிவிடும், வண்டி நிற்காது. நம் எடுத்துக்காட்டில் இப்படி எதுவும் இல்லை. உங்கள் வரைபடத்தில் இருக்கிறதா என்று ஒரு வண்டியை விரலால் ஓட்டிப் பார்த்து இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

230 வோல்ட் பலகைக்கு அருகில் வரக் கூடாது

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வரும் பவர் பேக் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானில் விற்கும் கேட்டோ, டோமிக்ஸ் பவர் பேக்குகள் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. இன்புட் என்று அச்சிட்ட இடத்தைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். மூடிய, பிஐஎஸ் முத்திரையுள்ள அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்கள். அதிலிருந்து வெளிவரும் குறைந்த வோல்டேஜ் ஒயர் மட்டுமே பலகையைத் தொடட்டும். எல்லா அடாப்டர்களும் ஒரே ஸ்பைக் கார்டில் சேர்ந்து, ஒரே ஸ்விட்சில் அணைய வேண்டும். அந்த அறையின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருப்பது நல்லது. குழந்தைகள் கைவைக்கும் பொழுதுபோக்கு இது என்பதை ஒருபோதும் மறக்க வேண்டாம்.

ஜல்லி ஒட்டுவதற்கு முன்

கீழே உள்ளவை அனைத்துக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

1. ஒரே நேரத்தில் எத்தனை வண்டி, எத்தனை பேர் என்று எழுதி வைத்தாயிற்று. அதற்கேற்ற கன்ட்ரோல் முறை முடிவாயிற்று.

2. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் சொந்த ஃபீடர் இருக்கிறது. எதுவும் ஜாயினரை நம்பி இல்லை.

3. ஒவ்வொரு செக்ஷனும் தனி ஜோடியாக டெர்மினல் ஸ்ட்ரிப்புக்கு வருகிறது. ஸ்ட்ரிப்பில் எண் ஒட்டியிருக்கிறது.

4. நாணயச் சோதனை எல்லா இடத்திலும் தேறியது.

5. உங்களிடம் உள்ள மிகச் சிறிய என்ஜின், மிகக் குறைந்த வேகத்தில், ஆறு பாயிண்டுகளையும் இரு திசையிலும் நிற்காமல் கடந்தது.

6. ஒயரிங்கின் வரைபடம், நிறமும் எண்ணும் குறித்து, பலகையின் அடிப்பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருக்கிறது.

ஐந்தாவது சோதனைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் சிறிது நேரம் ஓட்டுங்கள். எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டி, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். டேப் எதுவும் மிச்சமில்லாத நாளில் ஜல்லி வாளியைத் திறக்கலாம்.